குழம்பைப் பார்த்து வைன் வாங்குவது

சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன், மீனும் கோழியும் என்றால் வெள்ளை வைன் என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. மீனை வேகவைத்து, மேலே வெண்ணெயும் எலுமிச்சையும் விட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பீடோங்கில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: சோறு, மாங்காய் போட்ட மீன் குழம்பு, ஓரத்தில் கோழிப் பிரட்டல், முருங்கைக்கீரை, அப்பளம், கடைசியில் ரசம். இதில் மீன் என்ன நிறம், கோழி என்ன நிறம் என்பது நாக்குக்குத் தெரியவே தெரியாது. முதலில் புளி வந்து நிற்கும், பின்னாலேயே மிளகாய், அப்புறம் தேங்காய்ப்பால். அதனால் நான் குழம்பைப் பார்த்துத்தான் வைன் வாங்குகிறேன். குழம்பில் புளி எவ்வளவு, காரம் எவ்வளவு, பால் விட்டதா விடாததா என்று கேட்டுக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

பெரிய விலைக்கு வாங்கும் வீடு இல்லை எங்களுடையது. ஒரு போத்தலுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) வரம்பு, பெரும்பாலும் 40லிருந்து 55க்குள் முடிந்துவிடும். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டோடு நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு கிளாஸ், மிச்சம் பிரிட்ஜுக்குள் போகும், ஞாயிறு மதியம் இன்னொரு கிளாஸ். அவ்வளவுதான். சுங்கைப் பட்டாணியில் சூப்பர்மார்க்கெட்டின் தனி மூலையில் வாங்குவோம், அவசரத்துக்கு இங்கேயே சீனர் கடை இருக்கிறது.

மலேசியாவில் மலிவு வைன் என்றாலும் அதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. காரணம் வரி. 2016 மார்ச் முதல் கலால் வரியை, பானத்துக்குள் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தே போடுகிறார்கள், 2025 நவம்பரில் அது இன்னும் 10 விழுக்காடு கூடியது. உள்ளே இருப்பது நல்ல திராட்சையா மட்டமான திராட்சையா என்று வரி பார்ப்பதில்லை. ஆகவே 40 வெள்ளி வைனில் வரி, கப்பல் கூலி, கண்ணாடி போத்தல், கடைக்காரர் லாபம் எல்லாம் போக உண்மையான வைனுக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான், 55 வெள்ளி வைனில் அந்த மிச்சம் நன்றாகவே கூடிவிடுகிறது. கூடுதலாகப் போடும் பத்துப் பதினைந்து வெள்ளி வேறு எங்கேயும் இவ்வளவு பலன் தராது என்பது என் அனுபவம். 60க்கு மேல் 120 என்று போனால் அந்த அளவு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, குறைந்தபட்சம் மீன் குழம்போடு தெரியவில்லை.

கெடாக்காரர்களுக்கு இன்னொரு வசதி லங்காவி. 1987 முதல் அது வரியில்லாத் தீவு. கோலக் கெடாவில் படகு ஏறினால் போதும். ஆனால் அங்கே வாங்கியதை வரி கட்டாமல் வெளியே கொண்டுவர வேண்டுமானால் தீவில் 48 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒரு லிட்டர்தான், அதாவது ஒரு போத்தல். வைனுக்காக மட்டும் போனால் படகுக் கூலிக்குக் கட்டாது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குப் போகும்போது, இங்கே எட்டாத விலையில் இருக்கும் ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை வைன் ஒன்றை அங்கே எடுத்து வருவது எங்கள் வழக்கம்.

மலிவு என்று சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். வரி கட்டாத, முத்திரை இல்லாத, யாரோ காரின் பின்பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் போத்தல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பல பேர் செத்துப்போனார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை தோட்டத்துக் குடும்பங்களை அழித்தது என்பது நம் பக்கம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூடி உடையாமல், இறக்குமதி செய்தவர் பெயரோடு, மலாயில் எச்சரிக்கை அச்சிட்ட போத்தலாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் வெயில். இங்கே மதியம் 32, 33 டிகிரி சாதாரணம். சன்னல் ஓரத்து அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற வைன் உள்ளேயே வெந்துபோகும், திறந்தால் பழ வாசம் போய் வதங்கிய வாசம் வரும். அதனால் கடையில் முதலில் பார்ப்பது பெயரை இல்லை, போத்தல் எங்கே நிற்கிறது என்பதைத்தான். சரக்கு சீக்கிரம் விற்றுப்போகும் கடையில் வாங்குவது நல்லது. திருகு மூடி போட்டதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு அறுவடையிலேயே தங்கள் நல்ல வைனுக்குத் திருகு மூடி போட ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சத்தை மூடி வைப்பதற்கும் அதுதான் சுலபம்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் ஐரோப்பாவில் 16, 18 டிகிரி அறையில் இருந்தவர்கள். நம் அறையில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றுங்கள், அதே வைன் வேறு வைனாக இருக்கும். ஐஸ் போட வேண்டாம், தண்ணீராகிவிடும்.

சரி, காரத்துக்கு வருவோம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், வாயில் சூட்டை உணரும் அதே நரம்புகளைத்தான் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அவற்றையேதான் தூண்டுகிறது. ஆகவே 14, 14.5 விழுக்காடு இருக்கும் சிவப்பு வைனை நல்ல காரமான பிரட்டலோடு குடித்தால் இரண்டும் சேர்ந்து எரிக்கும். போதாததற்கு சிவப்பு வைனின் துவர்ப்பு, டானின் என்பார்களே, அது வாயை உலர்த்திவிடும், உலர்ந்த வாயில் காரம் இன்னும் கூர்மையாகத் தெரியும். காரத்தைத் தணிப்பது இனிப்பு, குளிர்ச்சி, பிறகு குறைந்த ஆல்கஹால். இந்த மூன்றும் சேர்ந்து மலிவு விலையில் கிடைப்பது மொஸ்காட்டோவில். 5 முதல் 7 விழுக்காடு ஆல்கஹால், பழ இனிப்பு, லேசான நுரை. வைன் தெரிந்தவர்கள் இதை இனிப்புத் தண்ணீர் என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாகக் குளிர வைத்த மொஸ்காட்டோவோடு இறால் சம்பல் சாப்பிட்டுப் பாருங்கள், சம்பலின் காரம் அடங்கி இறாலின் இனிப்பு மேலே வரும். தனியாகக் குடித்தால் எனக்கும் அது திகட்டும். சம்பல் இருந்தால்தான் அதற்கு வேலை.

மீன் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதிகம் வைப்பது அதுதான். மீன்பிடி ஊரான தஞ்சோங் டாவாய் கிட்டத்தில் இருப்பதால் மீனுக்கும் கருவாட்டுக்கும் நெத்திலிக்கும் குறைவே இல்லை. அத்தை வைக்கும் குழம்பு இரண்டு வகை. ஒன்று, வெண்டைக்காயும் தக்காளியும் போட்டுப் புளி தூக்கலாக, தேங்காய் இல்லாமல், மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும் குழம்பு. இன்னொன்று மாங்காய் போட்டு, கடைசியில் கெட்டிப் பால் விட்டு இறக்குவது. ஒரே மீன், ஒரே சட்டி, ஆனால் இரண்டுக்கும் ஒரே வைன் சரிப்படாது.

புளிக் குழம்புக்கு, குழம்பைவிடப் புளிப்புக் குறைந்த வைனை வைத்தால் வைன் சப்பென்று ஆகிவிடும், வெறும் தண்ணீர் குடித்த உணர்வுதான் வரும். புளிப்புக்குப் புளிப்பே ஈடு. நியூசிலாந்தின் சாவிஞ்ஞான் பிளாங்க் என்ற வெள்ளை வைன் இதற்கு நன்றாக நிற்கிறது, பச்சை மாங்காயும் எலுமிச்சையும் கலந்த வாசம் அதில் உண்டு. 55, 60 வெள்ளி ஆகிவிடும். அந்த விலை வேண்டாம் என்றால் சிலியிலிருந்து வரும் அதே வகை இன்னும் குறைவாகக் கிடைக்கும், வாசம் கொஞ்சம் அடக்கமாக இருக்கும், குழம்போடு சேர்ந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

பால் விட்ட குழம்பு என்றால் தென்னாப்பிரிக்காவின் சென்னின் பிளாங்க், இதுவும் வெள்ளை வைன்தான். அந்த நாட்டில் அதிகம் பயிராகும் வைன் திராட்சை இதுதான், அதனாலேயே மலிவு. புளிப்பும் இருக்கும், ஒரு கனமும் இருக்கும், தேங்காய்ப்பாலின் கொழுப்பு வாயில் படிந்ததைக் கழுவி விட்டுவிடும், ஆனால் சாவிஞ்ஞான் பிளாங்க் போல அந்தப் பாலோடு சண்டைக்குப் போகாது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு வைன்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

மீனுக்குச் சிவப்பு வைன் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வைனில் உள்ள இரும்புச் சத்துதான் மீனோடு சேரும்போது அந்தக் கவிச்சி வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009இல் காட்டினார்கள். எல்லாச் சிவப்பு வைனிலும் இரும்பு ஒரே அளவு இல்லை, அதனால் சில சமயம் தப்பிவிடலாம். கருவாட்டுக் குழம்பில் தப்ப முடியாது. நெத்திலி சம்பலிலும் முடியாது.

ஆட்டிறைச்சிக்கு வருகிறேன். மிளகாய் குறைத்து மிளகு தூக்கலாகப் போட்டு, கறிவேப்பிலையோடு சுருள வதக்கும் பிரட்டல் என்றால் ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு வைன். இது வெறும் ரசனை இல்லை. ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரொட்டன்டோன் என்ற ஒரு பொருள், கருமிளகில் இருப்பதும் அதேதான் என்று ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சிக் கழகம் 2008இல் கண்டுபிடித்து வெளியிட்டது. அந்தச் சோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசமே தெரியவில்லையாம். என் வீட்டுக்காரர் அந்த ஐந்தில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், நான் மிளகு என்பேன், அவர் நாவல்பழம் என்பார், இருவரும் ஒரே போத்தலிலிருந்துதான் குடித்துக்கொண்டிருப்போம். ஷிராஸ் வாங்கும்போது லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள், 13.5க்குக் கீழ் இருப்பதை எடுங்கள். ஜேகப்ஸ் கிரீக், ஹார்டிஸ் எல்லாம் எங்கள் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது, குளிர வைத்துக் குடித்தால் பிரட்டலுக்குக் குறையே இல்லை.

எலும்பும் பருப்பும் கத்திரிக்காயும் போட்ட தால்ச்சாவுக்கு நான் கண்ட நல்ல ஜோடி கார்மெனேர் என்ற சிலிச் சிவப்பு வைன். இந்தத் திராட்சையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சில் போர்தோ பகுதியில் வளர்ந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்தபோது அதோடு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதற்கு முன்பே அதன் நாற்றுகள் கப்பலேறி சிலிக்குப் போய், அங்கே மெர்லோ என்ற வேறொரு திராட்சையின் பெயரில் மெர்லோக் கொடிகளுக்கு நடுவே வளர்ந்துகொண்டிருந்தன. 1994இல் பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிக்கோ அங்கே போய்ப் பார்த்துத்தான் இது மெர்லோ இல்லை, காணாமல் போன கார்மெனேர் என்று சொன்னார். துவர்ப்பு அதிகம் இல்லை, குடமிளகாய் வாசம் வரும், அதனால்தான் கத்திரிக்காயும் கொத்தமல்லியும் உள்ள குழம்போடு ஒட்டிப் போகிறது என்று நினைக்கிறேன்.

அத்தை குடிப்பதில்லை. சின்ன வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவர். நாங்கள் முதலில் போத்தலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது, “சம்பள நாள்ல எங்கப்பா கள்ளுக்கடையிலருந்து வர்ற சத்தம் கேட்டாலே நாங்க பின்பக்கமா ஓடிருவோம்மா” என்றார். அதற்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை. அன்றிலிருந்து கிளாஸில் ஊற்றியதும் போத்தல் பிரிட்ஜுக்குப் போய்விடும், மேசையில் நிற்காது. இந்த ஊருக்கும் கள்ளுக்கும் உள்ள கணக்கு லேசானது இல்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1947இல் இதே பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டப் பக்கம், ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் இறங்கி, போலீசாரோடு மோதல் வரைக்கும் போனது. சம்பளத்தின் ஒரு பகுதி அந்தக் கடையிலேயே தங்கிவிட்ட காலம் அது. அதை எதிர்த்து நின்றவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் சாப்பாட்டுக் கணக்கில் யோசித்தால் ஒன்று விளங்குகிறது. கள் என்பது என்ன? 4 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, லேசான நுரை. அதோடு சாப்பிட்டது கருவாடு, நண்டு, காரமான பிரட்டல். இன்றைக்கு நான் வைன் அலமாரி முன் நின்று தேடுவதும் கிட்டத்தட்ட அதே குணங்களைத்தான். நம் காரத்துக்கு எது ஒத்துவரும் என்பதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த நாக்கு ஏற்கெனவே இங்கே இருந்தது. கெடுத்தது அளவும், சாப்பாடில்லாத வயிறும், அன்றாடம் முதுகொடியும் வேலையும். எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லாமல் வைன் திறப்பதில்லை. குடித்த பிறகு காரை எடுப்பதும் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று இறங்கிவிட்டது, இரண்டு கிளாஸிலேயே சிலருக்கு அது எட்டிவிடும்.

ஒத்துவராதவை சில. ரசத்தோடு எந்த வைனும் வேண்டாம், ரசமே ஒரு பானம்தான், அதைத் தனியாகக் குடியுங்கள். தயிர்ச் சோற்றுக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமை சைவம், அன்றைக்கு வைனும் இல்லை, ஆகவே சாம்பாருக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்காதீர்கள். பாயசத்தோடு புளிப்பு வைன் குடித்தால் இரண்டும் கெடும். பிலாச்சான் என்ற இறால் விழுது போட்ட எதற்கும் காபர்னே என்ற துவர்ப்பான சிவப்பு வைன் கசக்கும்.

கோனோ சுர் என்ற சிலிக் கம்பெனியின் பிசிக்லேட்டா வரிசையில் கெவுர்ஸ்ட்ராமினர் என்று ஒரு வெள்ளை வைன் வருகிறது. பெயரைச் சொல்லத்தான் கஷ்டம், முகர்ந்தால் நம் லைச்சிப் பழம். திராட்சையிலும் லைச்சியிலும் ஒரே வாசப் பொருள் இருப்பதால் அப்படி. லேபிளில் ஒரு சைக்கிள் படம், திராட்சைத் தோட்டத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளர்களை நினைத்துப் போட்டதாம். அத்தையும் விடியற்காலையில் வாளியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்தான். அவரிடம் சொன்னேன், லேபிளை வாங்கிப் பார்த்துவிட்டு “அங்கயும் அப்படித்தானா” என்று கேட்டார். தேங்காய்ப்பால் வற்றச் சுண்ட வைக்கும் மலாய்க் கறியான கோழி ரெண்டாங்குக்கும் இஞ்சி அதிகம் போட்ட கோழிப் பிரட்டலுக்கும் இதை வாங்குவேன். புளிக் குழம்புக்கு வேண்டாம், இதில் புளிப்புக் குறைவு.

நண்டுக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை. மிளகும் சோம்பும் அரைத்து, கெட்டியாகப் பிரட்டிய நண்டுக்கு மொஸ்காட்டோவின் இனிப்பு கூடுதலாகத் தெரிகிறது, சென்னின் பிளாங்க் நன்றாகவே போகிறது, இனிப்பில்லாத ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன் இரண்டையும்விட நன்றாக இருக்கும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அடுத்த முறை மீன்காரர் நல்ல நண்டு கொண்டுவந்தால் ஒரு ரோஸேயும் ஒரு சென்னினும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம், அன்றைக்கு வீட்டுக்காரரின் தம்பி குடும்பமும் வந்தால்தான் இரண்டு போத்தல் செல்லும். தண்டு வைத்த கிளாஸ் எல்லாம் தேவையில்லை, வலது கை முழுக்க மசாலா இருக்கும், இடது கையால் பிடிக்க வசதியாக ஒரு சின்ன டம்ளர் போதும்.